நிறம் பிடிக்கிறவன்

வடபழனி, சென்னை
10 நவம்பர் 2002

டேய் இளங்கோ,

நோன்பு திறந்து கஞ்சி குடித்த கையோடு எழுதுகிறேன். முதலில் மாத்திரை விஷயம். போன தடவை "படம் முடியட்டும், படம் முடியட்டும்" என்று மாத்திரையை டிராயரில் போட்டுப் பூட்டினாய். காசநோய் திரும்பி வந்து உன்னை மலைக்கே கொண்டுபோய்ப் போட்டுவிட்டது. இந்தத் தடவை ஒரு நாள்கூட விடக்கூடாது. எட்டு மாதம் என்றால் எட்டு மாதம். விட்டாய் என்று காதில் விழுந்தால் கொல்லிமலைக்கே வந்து உதைப்பேன்.

இப்போது தொழில். டைரக்டர் அர்த்தனாரி நம் ஸ்டுடியோவுக்கு வந்திருந்தார். டி.வி. படத்தின் படப்பிடிப்பை முடித்துவிட்டார். படம் முழுவதற்கும், ஷாட் ஷாட்டாக, நாம்தான் நிறம் திருத்திக் கொடுக்க வேண்டுமாம். "இளங்கோ தம்பி வந்து நெறம் புடிச்சாத்தானுங்க அது படம். இல்லீன்னா வெறும் கேசட்டு" என்றார். உன் கண்மேல் அந்த மனுசனுக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

நம்மிடம் இருக்கும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் டைட்டில் போடவும் மின்னல் வரவைக்கவும் போதும். முழுப் படத்துக்கு நிறம் பார்க்க வேறு சாஃப்ட்வேர் வாங்கியாக வேண்டும். இரண்டு பேர் வந்து காட்டிவிட்டுப் போனார்கள். மவுண்ட் ரோட்டுக்காரர் காட்டியதில் அனிமேஷன், எஃபெக்ட்ஸ், நிறம் எல்லாமே ஒரே பெட்டியில். எல்லாம் சுமாராக வரும். தி. நகர்க்காரர் காட்டியது நிறத்துக்கு மட்டும். மூன்று உருண்டைகள் உண்டு. இருட்டுக்கு ஒன்று, நடுத்தரத்துக்கு ஒன்று, வெளிச்சத்துக்கு ஒன்று. கையால் உருட்ட உருட்ட நிறம் மாறுகிறது. மூன்று வருசமாக நீ கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான்.

என்னைக் கேட்டால் மவுண்ட் ரோடு. பேய் சீரியல் வேலையும் வரும், விளம்பர வேலையும் வரும். ஆனால் கண் உன்னுடையது, நீ சொல். செம்மேடு பூத்திலிருந்து ஒரு போன் போட்டால் போதும்.

முஜீப்


திண்ணனூர் நாடு, கொல்லிமலை
26 நவம்பர் 2002

முஜீப்,

போன் வேண்டாம். பூத்துக்குள் நின்று இருமினால் வரிசையில் நிற்பவர்கள் வெளியே போய் நின்றுகொள்கிறார்கள். கடிதத்திலேயே பேசிக்கொள்வோம்.

மாத்திரையைப் பற்றிக் கவலைப்படாதே. நர்ஸம்மா கண் முன்னால்தான் விழுங்க வேண்டும். ஒன்றுகூடத் தவறவில்லை. எடை கூடியிருக்கிறது. அப்பா மரவள்ளிக் காட்டுக்குப் போகும்போது பாதி வழி கூடவே நடக்கிறேன்.

இங்கே விடாமல் தூறல். மேகம் வாசல் வரைக்கும் வந்து நிற்கிறது. அந்த வெளிச்சத்தில் எல்லாமே சாம்பல் பூசின மாதிரி இருக்கிறது.

சாஃப்ட்வேரைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும். படத்தில் சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று ஓரத்தில் கிராஃபாகக் காட்டுவார்களே, அது இரண்டிலும் இருக்கிறதா? எண்ணாகவும் காட்டுமா? இதைக் கேட்டு எழுது. அவசரமில்லை. ஆனால் கேட்டு எழுது.

இளங்கோ


வடபழனி
19 டிசம்பர் 2002

இளங்கோ,

பெருநாளுக்குக்கூட ஊருக்குப் போகவில்லை. அம்மா போனில் அழுகை. சேந்தமங்கலத்தில் அத்தா துணிக்கடையில் நிற்க ஆளில்லாமல் தனியாக அல்லாடினாராம். இங்கே நான் மட்டும் என்ன கூட்டத்தோடா இருக்கிறேன்?

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கிராஃபா? கிராஃபைப் பார்த்து நிறம் பிடிக்கிறவர்களை "கணக்கு வாத்தியார்" என்று கேலி செய்தவன் நீ. மானிட்டர் ஓரத்தில் அது தெரிந்தால் அட்டையை ஒட்டி மறைத்தவன் நீ. இப்போது அதையே கேட்டு எழுதுகிறாய். இருக்கிறது, இரண்டிலும் இருக்கிறது. போதுமா?

இத்துடன் இரண்டு போட்டோ வைத்திருக்கிறேன். அர்த்தனாரி படத்தில் மணப்பெண் பச்சைப் பட்டில் உட்கார்ந்திருக்கும் ஷாட். ஒரே ஷாட்டை இரண்டு சாஃப்ட்வேரிலும் நானே நிறம் பார்த்து, லேபில் பிரிண்ட் போட்டது. என் கை லட்சணம் உனக்குத் தெரியும். பின்பக்கம் 'அ', 'ஆ' என்று எழுதியிருக்கிறேன். எது எந்த சாஃப்ட்வேர் என்று சொல்ல மாட்டேன். எது சரி என்று நீ சொல். அதையே வாங்கிவிடுவோம்.

முஜீப்


திண்ணனூர் நாடு
8 ஜனவரி 2003

முஜீப்,

படங்கள் வந்தன. 'ஆ'தான் சரி. முகத்தில் உயிர் இருக்கிறது. பட்டின் பச்சை முகத்தில் ஏறாமல் தனியாகப் பிரிந்து நிற்கிறது. அந்த சாஃப்ட்வேரையே வாங்கிவிடு.

அது மவுண்ட் ரோட்டுக்காரருடையதாக இருந்தாலும் எனக்குச் சம்மதம். எல்லாம் ஒரே பெட்டியில் இருப்பதும் நல்லதுதான். நிறத்தை மட்டும் நம்பித் தொழில் நடத்த முடியாது என்று நீ சொல்லிக்கொண்டே இருப்பாய். இப்போது எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

மிளகு பறிப்பு தொடங்கிவிட்டது. கொடிப்பக்கம் வர வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். வாசலில் உட்கார்ந்து உதிர்க்கிற வேலை மட்டும் செய்கிறேன்.

இளங்கோ


வடபழனி
21 ஜனவரி 2003

இளங்கோவுக்கு,

உன் கடிதத்தை அர்த்தனாரி முன்னால் வைத்துச் சத்தமாகப் படித்தேன். படிக்கும்போது பெருமையாகக்கூட இருந்தது. அவர் 'ஆ'வை எடுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தம்பி வெளையாட்டுக்கு எழுதியிருக்குதுங்களா?" என்று கேட்டார்.

அந்தப் பெண் முகம் பச்சை, இளங்கோ. பாசி பிடித்த மாதிரி பச்சை. நான் உருட்டத் தெரியாமல் உருட்டியது. நீ பார்த்ததும் "கழுதை, இது என்னடா முகம்" என்று எழுதுவாய் என்றுதான் திருத்தாமல் அனுப்பினேன். நீ என்னடாவென்றால் "முகத்தில் உயிர் இருக்கிறது" என்கிறாய்.

கவரைப் பிரித்தாவது பார்த்தாயா? இல்லை, எதையாவது எழுதித் தொலைப்போம் என்று எழுதினாயா? உன் கண்ணை மலையில் எங்கேயாவது கழற்றி வைத்துவிட்டாயா? மூன்று வருசம் நிறம் நிறம் என்று என் உயிரை வாங்கினாய். இப்போது எல்லாவற்றுக்கும் சரி, சம்மதம் என்கிறாய். வர இஷ்டமில்லை என்றால் நேராகச் சொல். வேறு யாரோடாவது சேரப் போகிறாய் என்றாலும் சொல். என்னை ஏமாளி ஆக்காதே.

இனி நான் எழுத மாட்டேன்.

முஜீப்


திண்ணனூர் நாடு
22 பிப்ரவரி 2003

முஜீப்,

பக்ரீத்துக்கு நீ ஊருக்கு வந்திருந்தாயாம். பக்கத்து வீட்டுச் சின்னக்கண்ணு அண்ணன் துணியெடுக்க உங்கள் கடைக்குப் போனபோது நீதான் கல்லாவில் உட்கார்ந்திருந்தாயாம். "மலைக்கு வாரீங்களா?" என்று கேட்டதற்கு "வேலை இருக்குங்க" என்றாயாம். அடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் ஏறினால் வந்துவிடலாம். நீ வரவில்லை. வருவாய் என்று, நீ ஊரில் இருந்த மூன்று நாளும் பஸ் வருகிற நேரத்துக்கு ரோட்டோரம் போய் நின்றேன். இதை எழுதக் கூடாது என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

போட்டோக்களைப் பார்க்காமல் எழுதவில்லை. வெயிலில் வைத்துப் பார்த்தேன், நிழலில் வைத்துப் பார்த்தேன். இரண்டும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்தன. 'ஆ'வில் நெற்றியில் கொஞ்சம் வெளிச்சம் கூட இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு மீதியை இட்டுக்கட்டி எழுதினேன்.

எனக்குச் சிவப்பும் பச்சையும் போய்விட்டன, முஜீப்.

மழைக்கால மங்கல் என்று கார்த்திகை வரை நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு வெயில் அடித்தது, சாம்பல் போகவில்லை. மிளகு பறிக்க ஏணியில் ஏறினேன். சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்தால்தான் பறிக்க வேண்டும். கீழே நின்ற அம்மா, "ஏங் கண்ணு, செவந்ததையெல்லாம் உட்டுப்போட்டு பிஞ்சா உருவிக்கிட்டு நிக்கற?" என்றாள். எங்கே சிவப்பு என்று அவளிடமே கேட்டேன். அவள் விரலால் தொட்டுக் காட்டிய மணியும் பக்கத்து மணியும் ஒன்றுபோலவே இருந்தன. அன்றைக்கே அவள் என்னை இறங்கச் சொல்லிவிட்டாள்.

நாமக்கல்லில் கண் டாக்டரிடம் போனோம். புள்ளி புள்ளியாக நிறம் வைத்து நடுவில் எண் மறைத்த புத்தகம் ஒன்றைக் காட்டினார்கள். "எண்ணு ஒண்ணும் இல்லீங்களே" என்றேன். அங்கிருந்த பெண், "படிக்கத் தெரியாதுங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள். அம்மா சட்டென்று, "பட்டணத்துல சினிமாவுக்கு நெறம் போடற புள்ளைங்க அவன்" என்றாள். அந்தப் பெண் அடுத்த பக்கத்தைப் புரட்டவே இல்லை.

சாப்பிடுகிற மாத்திரைகளில் ஒன்று சிலருக்குக் கண் நரம்பைத் தாக்குமாம். பார்வையில் சின்ன மாற்றம் தெரிந்தாலும் உடனே வந்து சொல்ல வேண்டும் என்று முதல் நாளே எனக்குச் சொல்லித்தான் கொடுத்தார்கள். நான்தான் சொல்லவில்லை. சொன்னால் மருந்தை நிறுத்துவார்கள், சிகிச்சை நீளும், அர்த்தனாரி படத்துக்கு வர முடியாது என்று பயந்தேன். இந்தத் தடவை எதையும் பாதியில் விடக் கூடாது என்றும் இருந்தேன். இப்போது அந்த ஒன்றை மட்டும் நிறுத்திவிட்டார்கள். சில பேருக்குப் பழையபடி திரும்புமாம். சில பேருக்குத் திரும்பாதாம்.

வேறு யாரோடும் சேரவில்லை.

இளங்கோ


வடபழனி
3 மார்ச் 2003

இளங்கோ,

நாலு தாள் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

கண்ணைக் கழற்றி வைத்தாயா என்று எழுதியது நான்தானே. ஒரு நாள்கூட விடாதே, விட்டால் உதைப்பேன் என்று எழுதியதும் நான்தானே. கல்லாவில் உட்கார்ந்துகொண்டு வேலை இருக்கிறது என்று சொன்னபோது மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடை வாசலிலிருந்து தெரிகிறதே.

இங்கே ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரைப் பார்த்து, எனக்கே வந்த மாதிரி எல்லாவற்றையும் கேட்டேன். பொறுத்திருந்து பார்க்க வேண்டும் என்றார். திரும்பிவிடும் என்று அவர் சொல்லவில்லை. திரும்பாது என்றும் சொல்லவில்லை. எனக்கு அது போதும். அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், ஐந்து வேளையும் உனக்காக துஆ கேட்கிறாள்.

நேற்று தி. நகர்க்காரரைக் கூப்பிட்டு அந்த மூன்று உருண்டை சாஃப்ட்வேரை வாங்கிவிட்டேன். எனக்கு அதைத் தொடத் தெரியாது. மவுண்ட் ரோட்டுப் பெட்டியை வாங்கியிருந்தால் நான் மட்டுமே உட்கார்ந்து தொழிலை ஓட்டியிருக்கலாம். அதனால்தான் அதை வாங்கவில்லை. புரிகிறதா?

வைத்தியம் முடிந்ததும் வா. கண் வந்தாலும் வா, வராவிட்டாலும் வா. கிராஃப் இருக்கிறது, எண் இருக்கிறது. கணக்கு வாத்தியாராகவே இருந்துவிட்டுப் போ.

உன்
முஜீப்


திண்ணனூர் நாடு
20 ஜூன் 2003

முஜீப்,

நீ டப்பிங் தியேட்டருக்குப் போயிருந்தபோது பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். சாவியைக் கீழே டீக்கடையில் கொடுத்திருந்தேன், வாங்கியிருப்பாய். நேரில் சொல்லியிருந்தால் நீ விட்டிருக்க மாட்டாய். நானும் கிளம்பியிருக்க மாட்டேன்.

நீ எந்தக் குறையும் வைக்கவில்லை. வைத்தியம் முடிந்து அங்கே வந்த நாளிலிருந்து என்னை என் பழைய நாற்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் நின்று, "முகம் கொஞ்சம் சிவப்பா இருக்கு", "புல்லு மஞ்சளடிக்குது" என்று என் கண்ணாகவே இருந்தாய். கிராஃபைப் பார்த்து உருட்டினேன். எண்கள் சரியாக வந்தன. அர்த்தனாரி ஒரு காட்சியைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை. முடியாமல் போயிருந்தால் ஒருவேளை தாங்கியிருப்பேன். முடிந்தது, முஜீப். அதைத்தான் தாங்க முடியவில்லை.

அந்தக் கடைசிக் காட்சி உனக்கு ஞாபகம் இருக்கும். காய்ந்த வயலில் அந்தப் பெண் தனியாக நிற்பது. "பச்ச செத்தாப்பல இருக்கோணுங்க தம்பி. ஆனா முழுசாச் சாகக் கூடாது" என்றார் அர்த்தனாரி. அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட பச்சையை எங்கள் காட்டில் கோடை முடிகிற சமயத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பச்சையின் எண்ணை இறக்கினேன். இன்னும் கொஞ்சம் இறக்கினேன். "இதுதானுங்க!" என்றார் அவர். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீயும் திரையைவிட்டுக் கண் எடுக்கவில்லை. எனக்கு மட்டும் திரையில் சேறு தெரிந்தது. நான் செய்த ஒன்றைப் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் கலங்கி நிற்கிறீர்கள், எனக்கு அது என்னவென்றே தெரியவில்லை. நானும் தலையை ஆட்டினேன்.

அப்புறம் தினமும் தலையை ஆட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இனி ஆட்ட முடியாது.

போன வாரம் கண்ணை மறுபடியும் காட்டினேன். எழுத்தெல்லாம் கூர்மையாகத் தெரிகிறது. நிறம் இருந்தபடியேதான். இவ்வளவு மாதம் கழித்தும் வராதது இனி வருவது சந்தேகம் என்று டாக்டர் சொன்னார். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

என்மேல் கோபப்படு. ஆனால் போன தடவை மாதிரி எழுதாமல் இருந்துவிடாதே.

இளங்கோ


வடபழனி
14 ஆகஸ்ட் 2003

இளங்கோ,

கோபம்தான். டீக்கடைக்காரர் சாவியைக் கொடுத்தபோது அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன். இன்றைக்கு வரைக்கும் அந்த மனுசன் என்னிடம் காசு கேட்கத் தயங்குகிறார்.

உன்னைக் கூப்பிட்டு நான் பெரிய உதவி செய்வதாக நினைத்துக்கொண்டேன். நீ தலையாட்டியதை நான் கவனிக்கவே இல்லை. பக்கத்தில்தானே நின்றேன்.

அசைவு மட்டும் செய்கிறாயா? அனிமேஷனுக்கு நிறம் வேண்டாம், கோடு போதும். பொம்மை எப்படி நடக்கும், எப்படித் திரும்பும் என்று மட்டும் பார்த்தால் போதும். மவுண்ட் ரோட்டுக்காரரின் பெட்டியை உனக்காக வாங்கி வைக்கிறேன். யோசித்துச் சொல்.

இன்னொன்று. இதை எழுதக் கை வரவில்லை. காமிலா என்று ஒரு பெண் வேலை கேட்டு வந்தாள். வேலூர்ப் பக்கம். நிறம் படித்தவள். சும்மா பார்க்கட்டுமே என்று அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னேன். கிராஃப் இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை. திரையை மட்டும் பார்த்து உருட்டினாள். எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை, வெளியே போய் நின்றுகொண்டேன். நல்ல கை, இளங்கோ. வேண்டாம் என்று நீ சொன்னால் அனுப்பிவிடுகிறேன். உன் மேல் சத்தியமாக அனுப்பிவிடுகிறேன்.

அர்த்தனாரி படம் செப்டம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டி.வி.யில் வருகிறது. டைட்டிலில் உன் பெயர் தனி கார்டாக வரும். அர்த்தனாரியே கேட்டுப் போட்டது.

முஜீப்


திண்ணனூர் நாடு
23 செப்டம்பர் 2003

முஜீப்,

காமிலாவை அனுப்பாதே. நாற்காலியை அந்தப் பெண்ணுக்கே கொடுத்துவிடு. அவள் உருட்டும்போது நீ வெளியே போய் நிற்காதே, பக்கத்தில் இரு. முடிந்தது என்று அவள் கையை எடுத்ததும், உனக்கு என்ன தெரிகிறது என்று வாய்விட்டுச் சொல். நிறம் பார்க்கிறவர்களுக்கு அது வேண்டும். அடுத்த படத்தில் அந்த கார்டில் அவள் பெயர் வரட்டும்.

அனிமேஷன் பெட்டி வேண்டாம். உன் மனசு எனக்குத் தெரியும். கோடு எனக்கு வராது, முஜீப். நான் கோடு பார்த்து இந்தத் தொழிலுக்கு வந்தவனில்லை. அப்பாவால் முன்போல் காட்டில் நிற்க முடியவில்லை. நான் நிற்கிறேன். மிளகு சமயத்தில் அம்மா கூட வந்து எது பழுத்தது என்று காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை படம் பார்த்தோம். எங்கள் ஊரில் சின்னக்கண்ணு அண்ணன் வீட்டில்தான் டி.வி. கறுப்பு வெள்ளை டி.வி. அண்ணனுக்கு அது ஒரு குறையாகவே தோன்றவில்லை. "நம்ம இளங்கோ நெறம் போட்ட படம் வருது, அல்லாரும் ஊட்டுக்கு வாங்க" என்று தெருத்தெருவாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார். கூடத்தில் இடமில்லாமல் வாசல் வரைக்கும் ஆட்கள். என் பெயர் வந்தபோது அப்பா எழுந்து நின்றுவிட்டார். பின்னால் இருந்தவர்கள் மறைக்கிறது என்று சத்தம் போட்டார்கள். அப்படியும் அவர் உட்காரவில்லை.

படம் ஓட ஆரம்பித்ததும் பாவாயி அக்கா, "ஏனுங்க இளங்கோ, அந்தப் புள்ள தாவணி என்ன நெறமுங்க?" என்று கேட்டாள். மாந்துளிர் நிறம் என்றேன். சுவர் என்ன நிறம் என்று ஒருவர் கேட்டார். செம்மண் பூசினது என்றேன். அப்புறம் நிற்கவே இல்லை. மாடு என்ன நிறம், வானம் என்ன நிறம், அவன் சட்டை என்ன நிறம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். அர்த்தனாரியும் நீயும் பக்கத்தில் நின்று சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். காதில் விழுந்ததைத்தான் சொன்னேன். அவர்கள் சாம்பலைப் பார்த்தபடியே "ஆமாமா, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டார்கள். அந்த இரண்டு மணி நேரமும் அந்த வீட்டில் என்னைவிட அதிகமாகப் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

அந்தக் காய்ந்த வயல் காட்சி வந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

படம் முடிந்து வீட்டுக்கு நடந்தோம். அப்பா முன்னால் போய்விட்டார். ஒற்றையடிப் பாதையில் அம்மா எனக்குப் பின்னால் வந்தாள். கொஞ்ச தூரம் நடந்தோம். பிறகு கேட்டாள்.

"நீ சொன்ன நெறமெல்லாம் அந்தப் பொட்டில ஒனக்குத் தெரிஞ்சுதா கண்ணு?"

"இல்லம்மா."

"எனக்குந் தெரீல சாமி" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு வீடு வரைக்கும் வந்தாள்.

இளங்கோ